அப்பாவின் கையெழுத்து, அப்பாவின் கையால்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நான்கு, ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. வீட்டில் இருப்பவர்களின் சொந்தத் தகவல்கள் இணையத்தில் சுற்றாமல் தடுப்பதற்கான படிவங்களில் அவர்களிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது, அவர்களுக்காக நாமே போடலாமா என்பதே அந்த விஷயம். முதல் இரண்டு கேள்விகளும் நிறைய யோசிக்க வைத்தவை என்பதால் அவற்றுக்கு அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இருக்கிறார். அப்பாவும் அம்மாவும் ஆறு ஆண்டுகள் அவருடன் இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மந்தைவெளிக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால், அங்குள்ள ஆள் தேடும் இணையதளங்களில் அவர்களுடைய பெயர், வயது, அண்ணன் வீட்டு முகவரி, உறவினர் பெயர்கள் எல்லாம் இன்னும் கிடக்கின்றன. இவற்றை நீக்கித் தரும் ஒரு நிறுவனத்துக்கு, குடும்பம் முழுவதற்குமாகச் சேர்த்து அண்ணன் பணம் கட்டியிருக்கிறார். பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அதிகாரமளிக்கும் படிவத்தில் கையெழுத்திட வேண்டுமாம். அதில் ‘பவர் ஆஃப் அட்டர்னி’ என்ற சொற்களைக் கண்டதுமே 78 வயதாகும் அப்பா மறுத்துவிட்டார். அம்மாவோ ‘எங்கே போடணும்?’ என்று மட்டும் கேட்கிறார். ‘மின் கையெழுத்துதானே, அவர்கள் மெயிலைத் திறந்து நீயே தட்டிவிடு’ என்கிறார் அண்ணன். அப்படிச் செய்யலாமா?
— வாசகி, மந்தைவெளி

பதில்: செய்யக் கூடாது. உங்கள் அண்ணன் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை என்பது புரிகிறது. தூரத்தில் இருப்பவருக்கு வேலை முடிந்தால் போதும் என்ற அவசரம் இருப்பது இயல்பே. ஆனால், பெற்றோரின் தகவல் அவர்களுடைய அனுமதி இல்லாமல் யார் யார் கையிலோ இருக்கிறது என்பதுதானே உங்கள் குடும்பத்தின் புகார்? அதைச் சரிசெய்வதற்கான முதல் தாளிலேயே அவர்களுடைய அனுமதியை நாமாக உண்டாக்கிவிட்டால், மக்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் அந்தத் தகவல் தரகர்கள் வெளியே செய்ததை நாம் வீட்டுக்குள் செய்தவர்களாகிவிடுவோம்.

நடைமுறையிலும் இது இடிக்கும். கலிபோர்னியா நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2018இல் நிறைவேறி, 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலை நீக்கச் சொல்லவும், அதை விற்கக் கூடாது என்று சொல்லவும் அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு அச்சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையைத் தன் சார்பில் வேறொருவர் கேட்பதற்கும் இடம் தருகிறது. நீங்கள் சொல்லும் நிறுவனம் அப்படிச் சார்பில் கேட்கும் இடத்தில்தான் இருக்கிறது. நீக்கச் சொல்லி அது விண்ணப்பிக்கும்போது, ‘சம்பந்தப்பட்டவர் கையெழுத்திட்ட அனுமதியைக் காட்டுங்கள்’ என்று தகவல் வைத்திருப்பவர்கள் கேட்கலாம். அதோடு நிற்காமல் உங்கள் அப்பாவையே நேரடியாகத் தொடர்புகொண்டு, ‘இவர்களுக்கு அனுமதி கொடுத்தது நீங்கள்தானா?’ என்று உறுதிப்படுத்திக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல அவர்களுக்கு 45 நாட்கள் அவகாசம். காரணம் தெரிவித்தால் இன்னும் 45 நாட்கள் கூட்டிக்கொள்ளலாம். ஆக, நீங்கள் தட்டிவிட்டு மறந்துபோன ஒரு நாளில் அப்பாவின் மெயிலுக்கு அந்தக் கேள்வி வந்து நிற்கும். ‘நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே’ என்று அவர் உண்மையைத்தான் எழுதுவார்.

இங்கே உங்கள் அண்ணன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் உரிமைகள் கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு உரியவை. பெற்றோர் நிரந்தரமாகச் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றால், சட்டத்தைக் காட்டி அவர்கள் பெயரில் வற்புறுத்த முடியுமா என்பதைத் தெளிவாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். ஆள் தேடும் தளங்கள் பலவற்றில், எந்த ஊர்க்காரர் என்று பாராமல் யார் கேட்டாலும் நீக்குவதற்குத் தனிப்பக்கம் இருக்கிறது என்பதால், பெற்றோர் படிவம் கொடுப்பது வீண்வேலை இல்லை. அண்ணன் தன் பெயரை மட்டும் நீக்கிக்கொண்டு, ‘இவரோடு இதே முகவரியில் வசித்தவர்கள்’ என்று பெற்றோர் பக்கம் அப்படியே இருந்தால், அந்தப் பக்கமே அண்ணன் வீட்டு வாசலுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும். அப்பாவின் கையெழுத்து ஏன் தேவை என்பதற்கு நேர்மையான காரணம் இதுதான். அதை அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள். ‘எல்லாரும் போடுறாங்க, நீங்களும் போடுங்க’ என்பதைவிட, ‘உங்க பேர் இருக்கிற பக்கத்துல அண்ணன் வீட்டு அட்ரஸ் இருக்குப்பா’ என்பது அவருக்கு நன்றாகப் புரியும். முடிந்தால் அந்தப் பக்கத்தையே திறந்து காட்டுங்கள்.

அப்பாவின் மறுப்பைப் பிடிவாதம் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் ‘பவர்’ என்றாலே மனை, வீடு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவைதான் நினைவுக்கு வரும். பவர் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்தவர் மனையை விற்றுவிட்டுப் போன கதையை ஒரு தடவையாவது கேள்விப்படாத குடும்பம் இந்த ஊரில் அபூர்வம். அந்தச் சொல்லைக் கண்டு பேனாவைக் கீழே வைத்தவர், ஒரு தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர். உங்கள் வீட்டில் இந்தப் படிவத்தை இதுவரை சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனவே, படிவத்தைக் கைப்பேசியில் காட்டாமல், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வாருங்கள். இரவு மருந்து சாப்பிட்ட பிறகு வேண்டாம். காலையில் காபியும் பேப்பரும் முடிந்து அவர் தெளிவாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மேஜையில் விரித்து வையுங்கள். பென்சில் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தில் அவருக்குச் சந்தேகமோ அதன் ஓரத்தில் அவரே கோடு போடட்டும். யாருக்கு அதிகாரம் கொடுக்கிறோம், எந்த வேலைக்காக, எதுவரைக்கும், வேண்டாம் என்றால் எப்படித் திரும்பப் பெறுவது ஆகிய நான்குக்கும் படிவத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். இணையதளத்தில் வேறெங்கோ இருக்கிறது என்று நிறுவனம் சொன்னால், அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துப் படிவத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

சில சொற்களைக் குறிப்பாகத் தேடுங்கள். ‘லிமிடெட்’ என்ற சொல் இருப்பது நல்லது. அதிகாரம் ஒரு வேலைக்குள் அடங்கியது என்று பொருள். ‘எனி அண்ட் ஆல்’, அதாவது ‘எதுவானாலும், எல்லாமே’ என்று வரும் இடத்தில் நின்று, அது தகவல் நீக்கும் வேலையை மட்டும் சொல்கிறதா, அதைத் தாண்டியும் போகிறதா என்று பாருங்கள். ‘இர்ரிவோக்கபிள்’ என்றிருந்தால் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்று அர்த்தம். தனியுரிமை காக்கும் படிவத்தில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. ‘இன்டெம்னிஃபை’ என்றிருந்தால், நிறுவனத்துக்கு ஏற்படும் நஷ்டத்தை அப்பா ஈடுகட்ட வேண்டியிருக்கும். எந்த நஷ்டத்தை என்று கேட்காமல் மேலே போகாதீர்கள். வங்கிக் கணக்கு, சொத்து, மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றாவது படிவத்தில் தலைகாட்டினால் அத்தோடு தாளை மடித்து வைத்துவிட்டு அண்ணனை அழையுங்கள். கலிபோர்னியா வாரிசுரிமைச் சட்டத்தின்படி எழுதப்படும் முறையான பவருக்குத் தேதி, கையெழுத்து ஆகியவற்றோடு நோட்டரியின் சான்றோ இரண்டு சாட்சிகளோ வேண்டும். தகவல் நீக்கும் வேலைக்கு அவ்வளவு கனமான பத்திரம் தேவையில்லை. கையெழுத்திட்ட எளிய அனுமதியே போதும். அப்பாவுக்கு அந்தப் பெயர்தான் உறுத்துகிறது என்றால், பவர் என்ற சொல் இல்லாத அனுமதிக் கடிதத்தை ஏற்பீர்களா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பெயர் எழுதும் கட்டத்தில் நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே அப்பாவின் பெயருக்கு முன்னால் இருக்கும் ஒற்றை இனிஷியல், கடவுச்சீட்டில் விரிந்து தாத்தாவின் பெயராகி, அமெரிக்காவில் அதுவே குடும்பப் பெயராகியிருக்கும். அம்மா ஒரு பதிவில் அப்பாவின் பெயரோடும், இன்னொன்றில் தன் தந்தையின் பெயரோடும் இருக்கக்கூடும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்து அச்சாகி, அதுவே பெயர்போல ஒட்டிக்கொண்டதும் உண்டு. இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதினால்தான் தேடி நீக்க முடியும். எது எங்கே எப்படிப் பதிவானது என்பது அவர்கள் இருவருக்கும்தான் நினைவிருக்கும். ஆகவே, இந்தக் கட்டத்தையும் நீங்களாக நிரப்பாமல் கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். ஏற்கெனவே வெளியே கிடக்கும் விவரங்களை மட்டும் கொடுத்தால் போதும். ஆதார் எண்ணுக்கும் பான் எண்ணுக்கும் இந்த வேலையில் இடமே இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மறுத்துவிட்ட அப்பாவைவிட, ‘எங்கே போடணும்?’ என்று கேட்கும் அம்மாவிடம்தான் நீங்கள் அதிக நேரம் உட்கார வேண்டும். பிள்ளைகள் மேல் உள்ள நம்பிக்கையில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஒருவர், நாளைக்கு வாசலில் வந்து நிற்கும் யாரோ ஒருவருக்கும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போடுவார். அப்பாவோடு சேர்த்து அவரையும் மேஜையில் உட்கார வையுங்கள். படித்து முடித்ததும், ‘இது எதுக்கும்மா?’ என்று நீங்கள் கேட்டு, அவர் தன் வார்த்தையில் சொல்லட்டும். சொல்ல வந்தால் போடலாம். வராவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அந்த மருத்துவமனையில் ஒரு கையடக்கத் திரையை நீட்டி ஒப்புதல் கேட்டார்கள். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த அவருடைய விரலைப் பிடித்து நானே திரையில் இழுத்தேன். என்ன அது என்று கேட்டார். ‘ஒண்ணுமில்லை பெரியம்மா, சும்மா ஒரு கையெழுத்து’ என்றேன். அதன்பின் கண்ணாடி, காப்பீடு, மாத்திரை என்று அவருடைய எண்ணுக்கு மாதக்கணக்கில் அழைப்புகள் வந்தன. அழைத்தவர்கள் அவருடைய பெயரையும் எந்தக் கண் என்பதையும் சரியாகச் சொன்னார்கள். ‘அன்னிக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்?’ என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தத் திரையை நான் படிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரைக்கும் நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடும் முறையைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் மின் கையெழுத்துக்கு 2000ஆம் ஆண்டிலிருந்தே கூட்டாட்சிச் சட்டத்தின் அங்கீகாரம் உண்டு. கலிபோர்னியா விதிகளும் இத்தகைய அனுமதிக்கு அதை ஏற்கின்றன. ஆகவே, அப்பாவின் மெயிலை அப்பாவின் கைப்பேசியில் திறந்து, அவருடைய விரலால் அவர் போட்டால் போதும். கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், எந்த இடம் என்று காட்டுங்கள். உதவி என்பது அதுவரைதான். கையெழுத்தான பிரதியை அச்செடுத்து, எந்த நாளில் எதற்காகக் கொடுத்தது என்று அதன் மேலேயே தமிழில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். உறுதிப்படுத்தச் சொல்லி மெயில் வந்தால் யாரிடமிருந்து வரும் என்பதையும் அப்பாவிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு செய்தி. கலிபோர்னியாவில் பதிவுசெய்த தகவல் தரகர்கள் அனைவருக்கும் ஒரே விண்ணப்பத்தில் ‘நீக்குங்கள்’ என்று சொல்வதற்கான அரசின் இலவசத் தளம் 2026 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தரகர்கள் 2026 ஆகஸ்ட் 1 முதல் அந்த விண்ணப்பங்களை எடுத்து நீக்கத் தொடங்க வேண்டும்; அதன்பின் 45 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். அங்கே வசிப்பவர் என்ற முறையில் அண்ணன் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, அப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டு ‘வேண்டாம்’ என்றால், வேண்டாம்தான். அம்மாவும் அண்ணன் குடும்பமும் தங்கள் படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. ஓராண்டாக ஞாபகமறதி. சில நாள் நன்றாகப் பேசுகிறார், சில நாள் என்னையே யார் என்று கேட்கிறார். அவருடைய எண்ணுக்குக் கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று ஓயாமல் அழைப்பு வருகிறது. அவரும் எடுத்துப் பேசிவிடுகிறார். அவர் சார்பில் நானே படிவங்களில் கையெழுத்துப் போட வழி உண்டா? அம்மாவிடம் இப்போதே ஒரு பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: நம் நாட்டில் பவர் இந்தச் சூழ்நிலையில் கைகொடுக்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டாலோ சித்த சுவாதீனம் இழந்துவிட்டாலோ அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக நாம் பவர் வாங்கி வைக்கிறோமோ, அந்த நாளில் அது செல்லாது. அமெரிக்காவில் சுவாதீனம் போன பின்னும் நீடிக்கும்படி பவர் எழுதுகிறார்கள். அங்கிருந்து வரும் யோசனைகளைக் கேட்டு இங்கே நாம் ஏமாறக் கூடாது.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்கள் அம்மாவைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது: பெரும்பாலும் சுவாதீனம் இல்லாமல், இடையிடையே தெளிவோடு இருப்பவர், தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. எனவே, நன்றாகப் பேசும் நாளில் ஒரு சின்ன விஷயத்தைப் புரியவைத்துக் கையெழுத்து வாங்குவது தவறில்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கை நடுங்கிக் கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் ரேகை போதும். எழுத முடியாதவர் இடும் அடையாளமும் கையெழுத்தே என்று நம் சட்டம் ஏற்கிறது. வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால், வயதாலும் நோயாலும் மனம் தளர்ந்தவரிடம் வாங்கிய சம்மதத்தை 16ஆம் பிரிவு சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவருக்குப் புரியாத நாளில் புரிந்ததுபோல் எதையும் வாங்காதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் கையெழுத்தே வேண்டாத வேலைகள். அவருடைய கைப்பேசியிலிருந்து 1909 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதி இடைவெளி விட்டு 0 சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினால், விளம்பர அழைப்புகளும் செய்திகளும் வேண்டாம் என்று பதிவாகிவிடும். வங்கியிலிருந்து வரும் கணக்குச் செய்திகள் நிற்காது. மோசடிக்காரர்கள் அந்தப் பதிவை மதிக்க மாட்டார்கள் என்பதால், தெரிந்த எண்கள் மட்டும் ஒலிக்கும்படி கைப்பேசியையும் அமைத்துக் கொடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், அவர் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்த்து, அவருடையது அல்லாததைப் புகார் செய்யலாம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால், பூட்டிய பின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது; கைரேகை வைத்து ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்று எடுக்கும்போதும் ஏற்காது. அந்த நாட்களில் தற்காலிகமாகத் திறந்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும். இதை அறியாமல் பூட்டிவிட்டு, ரேஷன் கடை வரிசையில் அம்மாவை நிற்கவைத்துத் திரும்பி வருவது மிகவும் வேதனையாக இருக்கும்.

இவற்றையெல்லாம் அம்மா சார்பில் நீங்கள் செய்வதற்கும், அவர் பெயரில் ஒரு நிறுவனத்துக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னது வீட்டுக் கதவைச் சாத்துவது. பின்னது சாவியை வெளியாளிடம் கொடுப்பது. கதவைச் சாத்தும்போதும், ‘கண்டவங்க கூப்பிடாம பண்ணியிருக்கேன்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறந்துபோவார் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தான் இறந்தாலோ, உடலாலோ மனத்தாலோ இயலாமற்போனாலோ தன் தரவு உரிமைகளைச் செலுத்துவதற்கு ஒருவரை முன்னரே நியமிக்கும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; இந்த உரிமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடப்புக்கு வருகின்றன. அம்மாவுக்கு அது காலம் கடந்ததாக இருக்கலாம். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இன்னும் காலம் இருக்கிறது. அம்மா முற்றிலும் நினைவிழந்து, சொத்து, வங்கி போன்ற பெரிய விஷயங்களில் முடிவெடுக்க வேண்டிவந்தால், நீதிமன்றத்தின் மூலம் காப்பாளராக நியமனம் பெறுவதுதான் வழி. கோமாவில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தினரையே காப்பாளராகச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்ததுண்டு. விளம்பர அழைப்புகளுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கேள்வி: குடும்பமாகச் சேரும் ஒரு தனியுரிமைத் திட்டத்தில் 16 வயது மகளையும் 19 வயது மகனையும் சேர்க்க விரும்புகிறேன். மகன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். வீட்டில் பணம் கட்டுவது நான்தானே, நானே போட்டுவிடலாமா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: மகனுக்காகப் போட முடியாது. 18 வயது நிறைந்தவர் தன் சம்மதத்தைத் தானே தர வேண்டும். யார் பணம் கட்டுகிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2027 மே மாதம் நடப்புக்கு வரும் 15ஆம் பிரிவு, தரவைத் தரும்போது இன்னொருவராக நடிக்கக் கூடாது என்கிறது; அந்தக் கடமைகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட, அவன் ஏன் மறுக்கிறான் என்று கேளுங்கள். அந்தத் திட்டத்தில் பணம் கட்டியவருக்கு, மற்றவர்களைப் பற்றி எந்தெந்தத் தளத்தில் என்ன கிடைத்தது என்ற அறிக்கை முழுவதும் தெரியுமா என்று பாருங்கள். தெரியும் என்றால், கல்லூரிப் பையன் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அவனுடைய அறிக்கை அவனுக்கு மட்டும் போகும்படி ஏற்பாடு செய்ய முடியுமானால், அவன் மனம் மாறக்கூடும். மகளுக்கு, அதோடு நடப்புக்கு வரும் 9ஆம் பிரிவின்படி பெற்றோரின் சம்மதம் செல்லும். இருந்தாலும் அவளிடமும் படிவத்தைக் காட்டிவிட்டே போடுங்கள்.

கேள்வி: ‘உங்கள் தகவல்களை இணையத்திலிருந்து நீக்கித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் தொடர்பு கொண்டார். ஆதார் நகலும், மின் கையெழுத்திட்ட பவரும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கேட்கிறார். என் மாமியார் நகலை அனுப்பிவிட்டார். நல்லவேளையாக ஓ.டி.பி. கேட்கும்போது நான் பார்த்துவிட்டேன். இது சரியான நிறுவனம்தானா?
— வாசகி, தாம்பரம்

பதில்: ஓ.டி.பி. கேட்டவுடனேயே உங்கள் சந்தேகம் உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆதார் வழியாக மின் கையெழுத்திடும்போது அந்த ஆறு இலக்க எண்தான் கையெழுத்து. அதை வாய்ச் சொல்லாகக் கொடுப்பது, எதுவும் எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். அவர் கேட்ட மின் கையெழுத்துப் பவரும் சட்டப்படி நிற்காது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையெழுத்தை ஏற்றுக்கொண்டாலும், பவர், உயில் போன்றவற்றை முதல் அட்டவணையில் விலக்கி வைத்திருக்கிறது. 2022இல் செய்த திருத்தம்கூட, ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்குத்தான் விலக்கு அளித்தது. வாட்ஸ்அப்பில் வந்தவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர்.

அனுப்பிய நகலைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே, மாமியாரின் ஆதாரில் கைரேகையை இன்றே பூட்டுங்கள். மேலே பெரம்பூர் வாசகருக்குச் சொன்ன ரேஷன் கடை எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும். அவர் பெயரில் புதிய சிம் கார்டு எதுவும் வாங்கப்பட்டிருக்கிறதா என்று சஞ்சார் சாத்தியில் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். இனி எங்கேயாவது நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருப்பது தெரிந்தால், கிளைக்குப் போய்வரும்வரை காத்திராமல், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மாமியாரை இதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். கடிந்துகொண்டால், அடுத்த முறை யாராவது எண் கேட்கும்போது அவர் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்.